முதல் கோதிக் காதல் நாவல்: ஐந்தில் எது உங்களுக்கு?

கோதிக் காதல் நாவல், அதாவது பழைய மாளிகையும் மர்மமும் காதலும் கலந்த கதை ஒன்று, படித்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். யாரைக் கேட்டாலும் சுற்றிச்சுற்றி அதே ஐந்து பெயர்கள் வருகின்றன. ஆன் ராட்கிளிஃபின் ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ’, சார்லட் பிராண்டேயின் ‘ஜேன் ஐர்’, வில்கி காலின்ஸின் ‘தி வுமன் இன் ஒயிட்’, டாஃப்னி டு மாரியரின் ‘ரெபெக்கா’, விக்டோரியா ஹோல்ட்டின் ‘மிஸ்ட்ரஸ் ஆஃப் மெல்லின்’. ஐந்திலும் ஒரு பெரிய பழைய வீடு உண்டு. கையில் காசில்லாத பெண்ணோ, காசிருந்தும் அதன்மேல் அதிகாரம் இல்லாத பெண்ணோ உண்டு. எதையோ மறைக்கும் ஆண் உண்டு. பின்னட்டையைப் படித்தால் ஐந்தும் ஒரே கதை போலத்தான் இருக்கும். உள்ளே போனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. தனக்குப் பொருந்தாத ஒன்றில் ஆரம்பித்து, நூறு பக்கத்தில் மூடி வைத்துவிட்டு, ‘இந்த வகையே நமக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர்.

முடிவுகளை இங்கே உடைக்கப் போவதில்லை. ஆனால் கதை எங்கே தொடங்குகிறது, என்ன தோரணையில் நகர்கிறது என்பதைச் சொல்லாமல் ஒப்பிட முடியாது. அதுகூடத் தெரியக் கூடாது என்பவர்கள் கீழே உள்ள அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

எதை வைத்து எடை போடுவது

வழக்கமான துப்பறியும் கதையில் துப்பறிபவர் வெளியாள். கொலை நடந்த வீட்டுக்கு வருவார், நாலு பேரை விசாரிப்பார், விடையைச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுவார். கோதிக் காதல் நாவலில் துப்பறியும் பெண்ணுக்குப் போக்கிடமே கிடையாது. அந்த வீட்டில்தான் தூங்க வேண்டும். சந்தேகத்துக்குரியவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், அவர்மேல்தான் அவளுக்கு மனசும் போகிறது. ‘இவர் நல்லவர்தானா?’ என்ற ஒரே கேள்வி காதல் கேள்வியாகவும் மர்மக் கேள்வியாகவும் இருக்கிறது. 1973-ல் அமெரிக்க எழுத்தாளர் ஜோனா ரஸ் இந்த வகை நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவர்தான் என்று நினைக்கிறேன்’. கட்டுரை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தலைப்பே போதும்.

அதனால் முதல் அளவுகோல் இது: சந்தேகம் யார் மேல் விழுகிறது, எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது? காதலிக்கப்படுபவரும் சந்தேகிக்கப்படுபவரும் ஒரே ஆளாக இருந்தால் நாவல் முறுக்கேறி நிற்கும். இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் காதல் ஒரு பக்கமும் மர்மம் இன்னொரு பக்கமும் போகும். அதற்காகவே அது மோசமான நாவல் ஆகிவிடாது, ஆனால் கிடைக்கும் ருசி வேறு.

இரண்டாவது, வீடு. அது படுதாவில் வரைந்த பின்னணியா, இல்லை கதவும் ஜன்னலும் மாடிப்படியும் சேர்ந்து கதையை நகர்த்துகின்றனவா? மூன்றாவது, விடை. அத்தனை பக்கம் காத்திருந்ததற்கு ஈடாக இருக்கிறதா? நான்காவது, காலம். ‘சரித்திரக் காதல்’ என்று தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐந்தில் உடால்ஃபோவும் மெல்லினும்தான் எழுதியவர் பிறப்பதற்கு முந்திய காலத்தில் நடப்பவை. மற்ற மூன்றும் அவற்றை முதலில் வாசித்தவர்களுக்குச் சமகாலக் கதைகள், அல்லது தம் வாழ்நாளுக்குள் நடந்த கதைகள். நமக்குத்தான் அவை சரித்திரம். கடைசியாகச் செலவு. அதில் பணம் சின்னப் பங்குதான்.

| நாவல் | வெளிவந்தது | கதைக்காலம் | சந்தேகம் யார் மேல் | நீளம் | இலவச மின்நூல் |
|---|---|---|---|---|---|
| உடால்ஃபோ | 1794 | 1584 | வில்லன் மேல், கோட்டை மேல் | மிக நீளம் | உண்டு |
| ஜேன் ஐர் | 1847 | 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி | காதலர் மேல், மாடி அறை மேல் | நீளம் | உண்டு |
| வுமன் இன் ஒயிட் | 1860 | 1849-50 | கணவர் மேல், அவருடைய நண்பர் மேல் | மிக நீளம், ஆனால் வேகம் | உண்டு |
| ரெபெக்கா | 1938 | ஏறக்குறைய எழுதிய காலமே | கணவர் மேல், இறந்த மனைவி மேல் | நடுத்தரம் | இல்லை |
| மெல்லின் | 1960 | விக்டோரியா காலம் | எஜமானர் மேல், வீட்டில் உள்ள எல்லார் மேலும் | குறைவு | இல்லை |

உடால்ஃபோ: பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்

பிரான்ஸைச் சேர்ந்த எமிலி பெற்றோரை இழக்கிறாள். அத்தையின் கணவன் மொன்டோனி அவளை இத்தாலியின் அப்பெனைன் மலையில் இருக்கும் தன் கோட்டைக்குக் கூட்டிப் போகிறான். ஒரு வரியில் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் நான்கு பாக நாவலில் முதல் பாகம் முடிந்த பிறகும் கோட்டை கண்ணில் படாது. மலை, பள்ளத்தாக்கு, அஸ்தமனம், நடுநடுவே எமிலி எழுதும் கவிதைகள். பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்து உட்கார வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சாதம் கொண்டு வருவது போல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அத்தனை இத்தாலிய வர்ணனையும் ஓவியங்களையும் பயண நூல்களையும் வைத்து எழுதியது. ராட்கிளிஃப் இத்தாலிக்குப் போனதே இல்லை. நாவல் வந்த 1794-ல்தான் அவர் ஹாலந்து, ஜெர்மனி பக்கம் முதல் வெளிநாட்டுப் பயணம் போனார். கதை 1584-ல் நடப்பதாகச் சொன்னாலும் எமிலி கண்ணீர் விடுவதும் மயங்கி விழுவதும் இயற்கையைக் கண்டு உருகுவதும் அச்சு அசல் 18-ஆம் நூற்றாண்டு. சரித்திரத் துல்லியம் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் வருவார்கள்.

சரி, கோட்டைக்குள் நுழைந்த பிறகு? அங்கே ராட்கிளிஃபின் கை தெரிகிறது. எமிலிக்குக் கொடுத்த படுக்கையறையில் இரண்டாவதாக ஒரு கதவு இருக்கிறது. திறந்தால் கீழே இறங்கும் படிக்கட்டு. அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, வெளிப்பக்கம் இரண்டு. பேய் இல்லை, ரத்தம் இல்லை, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டுமே விஷயம். ஒரு பெண் அந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். பின்னால் வந்த நாவல்களின் பூட்டிய அறைகளுக்கும் மூடிய மாடிகளுக்கும் பாட்டி இந்தக் கதவுதான்.

குறை விடையில் இருக்கிறது. ஒரு கறுப்புத் திரைக்குப் பின்னால் எதையோ பார்த்து எமிலி மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்று நமக்குச் சொல்லாமல் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடுகின்றன. கடைசியில் சொல்லும்போது, அதுவும் போகிற போக்கில் சொல்லும்போது, ‘இதற்கா?’ என்று கேட்கத் தோன்றும். ராட்கிளிஃபின் வழக்கமே அதுதான். பேய் என்று நினைக்க வைப்பவை எல்லாவற்றுக்கும் கடைசியில் இயல்பான விளக்கம் வந்துவிடும். காதலன் வலன்கூர் நல்ல பையன்தான், ஆனால் கோட்டைக் காட்சிகளில் அவன் இல்லை. ஆகவே காதலும் மர்மமும் தனித்தனியாகத்தான் போகின்றன.

இதை முதலாவதாக எடுக்க வேண்டாம். ஆனால் ஜேன் ஆஸ்டின் பிடிக்குமென்றால் கதை வேறு. அவருடைய ‘நார்தாங்கர் அபி’யில் உடால்ஃபோவைப் படித்துவிட்டு, போகிற வீட்டில் எல்லாம் மர்மம் தேடும் ஒரு பெண்தான் நாயகி. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் உடால்ஃபோவின் நீளம்கூட வேடிக்கையாகிவிடும்.

ஜேன் ஐர்: காதல்தான் முக்கியம் என்றால்

ஜேன் அநாதை. லோவுட் பள்ளியில் ஆசிரியையாக வருடத்துக்கு 15 பவுண்டு வாங்கிக்கொண்டிருந்தவள், 30 பவுண்டு சம்பளத்துக்குத் தார்ன்ஃபீல்டு மாளிகையில் ஒரு சிறுமிக்கு வீட்டு ஆசிரியையாக வருகிறாள். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்கிறது. கிரேஸ் பூல் என்ற வேலைக்காரி என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் ஓர் இரவு எஜமானர் ராச்செஸ்டரின் கட்டிலுக்கு யாரோ தீ வைக்கிறார்கள். ஜேன்தான் தண்ணீரை ஊற்றி அணைத்து அவரை எழுப்புகிறாள். யாரிடமும் சொல்லாதே என்கிறார் அவர்.

மறுநாள் காலை நடப்பதைத்தான் இந்த வகையின் உச்சம் என்பேன். எரிந்த அறையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஜேன் எட்டிப் பார்க்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புதுத் திரைச்சீலைக்கு வளையம் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள் கிரேஸ் பூல். முகத்தில் பதற்றமும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. கொலை செய்யப் பார்த்தவள் என்று ஜேன் நினைக்கும் பெண், எரிந்த திரைக்குப் பதில் புதுத்திரை தைக்கிறாள், அவளை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏன்? ராச்செஸ்டருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவரை நேசிக்கத் தொடங்கிய அதே நாளில் அவரை நம்ப முடியாமலும் போகிறது.

காதலர், சந்தேகத்துக்குரியவர் இருவரும் ஒருவரே என்பது இந்த ஐந்தில் இங்கேதான் முழு அளவில் முதலில் கைகூடுகிறது. ராச்செஸ்டரோடு ஜேன் பேசும் காட்சிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவள் அழகியும் இல்லை, பணக்காரியும் இல்லை. ஆனால் பேச்சில் ஓர் அங்குலம்கூடத் தாழ்ந்துபோக மாட்டாள்.

செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, தார்ன்ஃபீல்டுக்கு ஜேன் வந்து சேர்வது 11-ஆம் அத்தியாயத்தில்தான். அதற்கு முன் கொடுமைக்கார மாமி வீடு, பட்டினி போடும் பள்ளி. அந்தப் பகுதி நன்றாகவே இருக்கும், ஆனால் மாளிகைக்காகப் புத்தகத்தை எடுத்தவர்கள் நெளிவார்கள். இரண்டு, மர்மம் 26-ஆம் அத்தியாயத்தில் உடைந்துவிடுகிறது. மொத்தம் 38. மீதி முழுக்க ‘உண்மை தெரிந்துவிட்டது, இனி என்ன செய்வது’ என்ற கேள்வி. நடுவில் ஒரு பாதிரியார் ஜேனை மணந்து இந்தியாவுக்கு மதப்பணிக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறார், அதற்காக அவளுக்கு இந்துஸ்தானிகூடக் கற்றுத்தருகிறார். துப்பறியும் ஆர்வத்தில் வந்தவர்கள் இந்த இடத்தில் சோர்ந்துபோவது உண்டு.

மூன்றாவது செலவுதான் பெரியது: ரகசியம் ஏற்கெனவே கசிந்துவிட்டது. ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த ‘சாந்தி நிலையம்’ (1969) இந்தக் கதையைத் தழுவியதுதான். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதையின் எலும்புக்கூடு தெரிந்திருக்கும். இந்த நாவலுக்கு முன்கதையாக 1966-ல் வந்த இன்னொரு புகழ்பெற்ற நாவலும் உண்டு. அதைப் பற்றி ஒரு வரி சொன்னாலே மர்மம் போய்விடும் என்பதால் பெயரைக்கூட இங்கே எழுதவில்லை. ஜேனை முடித்த பிறகு தேடுங்கள். தார்ன்ஃபீல்டின் பணம் எங்கிருந்து வந்தது, யார் குரல் நமக்குக் கேட்கவே இல்லை என்ற கேள்விகள் அப்போதுதான் உறைக்கும்.

ரகசியம் தெரிந்தே படித்தால் வீணா என்றால், இல்லை. முதல்முறை தெரியாமல் படிப்பவருக்கு மர்ம நாவல், தெரிந்து படிப்பவருக்கு ராச்செஸ்டர் ஒவ்வொரு வாக்கியத்திலும் எதை விழுங்குகிறார் என்று கவனிக்கும் நாவல். காதலுக்காக இந்த வகைக்கு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவு இல்லை.

வுமன் இன் ஒயிட்: மர்மம்தான் முக்கியம் என்றால்

நள்ளிரவு தாண்டிய நேரம். ஹாம்ஸ்டெட்டிலிருந்து லண்டனுக்கு வெறிச்சோடிய சாலையில் தனியாக நடந்து வருகிறான் ஓவிய ஆசிரியன் வால்ட்டர் ஹார்ட்ரைட். பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளை மெல்லத் தொடுகிறது. திரும்பினால் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்திய ஒரு பெண், லண்டனுக்கு வழி கேட்கிறாள். நாவல் ஆரம்பித்துச் சில பக்கங்களுக்குள் இது நடந்துவிடுகிறது. உடால்ஃபோவோடு ஒப்பிட்டால் ராக்கெட் வேகம்.

காரணம் எளிது. இது வாரப் பத்திரிகைத் தொடர்கதை. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழில் 1859 நவம்பர் 26-ல் தொடங்கி அடுத்த ஆகஸ்டு வரை வந்தது. டிக்கன்ஸின் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ முடிந்த அதே இதழில் இது ஆரம்பித்தது. ‘தொடரும்’ போடத் தெரிந்த ஆள் எழுதியது என்பது ஒவ்வொரு சில பக்கத்துக்கும் தெரியும். நாவலின் பெயரில் வாசனைத் திரவியம், தொப்பி, நடன இசை என்று லண்டன் கடைகளில் விற்கும் அளவுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது.

கதையை நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது போல ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ஓவிய ஆசிரியன், அவனிடம் ஓவியம் கற்கும் லாராவின் குடும்ப வக்கீல், ஒரே தாய்க்குப் பிறந்த அவள் அக்காவும் நாட்குறிப்பு எழுதுபவளுமான மேரியன், எதற்கெடுத்தாலும் நரம்புத் தளர்ச்சி என்று புலம்பும் லாராவின் சித்தப்பா, எழுதப் படிக்கத் தெரியாத சமையல்காரி வரை. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது கொஞ்சம்தான். நாம்தான் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

பயம் பேயிலிருந்து வருவதில்லை, பத்திரத்திலிருந்து வருகிறது. லாராவுக்கு 20,000 பவுண்டு சொத்து. அவள் சர் பெர்சிவல் கிளைடை மணக்கப் போகிறாள். பிள்ளை இல்லாமல் லாரா இறந்தால் அந்தப் பணம் முழுக்கத் தனக்கே வர வேண்டும் என்று திருமண ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறது மாப்பிள்ளை தரப்பு. இது ஆபத்து என்று வக்கீல் தலையால் தண்ணீர் குடித்துப் பார்க்கிறார். சித்தப்பாவுக்கோ அதைப் படிக்கவே சோம்பல். இங்கிலாந்தில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் 1870-லும் 1882-லும்தான் வந்தன. அதற்கு முன் மனைவியின் பணத்துக்குப் பாதுகாப்பு இந்த ஒப்பந்தத் தாள் ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு காட்சி: பெர்சிவல் ஒரு பத்திரத்தை மடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் தெரிகிற மாதிரி மேஜைமேல் வைத்து, ‘போடு’ என்கிறான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று லாரா கேட்கிறாள். சொல்ல மறுக்கிறான். நம் ஊரில் அண்ணன் தம்பிகள் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்திட்ட பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கும். எந்தக் கோட்டையும் இதற்கு ஈடில்லை.

வில்லன் கூட்டாளி கவுண்ட் ஃபோஸ்கோவுக்காகவே படிக்கலாம். மகா பருமன், மெல்லிய குரல், சட்டைமேல் ஓடி விளையாடும் வெள்ளெலிகள். ஒரு காலத்தில் வாயாடியாக இருந்த அவர் மனைவி இப்போது வாய் பேசாமல் அவருக்கு சிகரெட் சுருட்டித் தருகிறாள். அவரைக் கண்டு அஞ்சும் மேரியனுக்கே அவர்மேல் ஒரு ஈர்ப்பு இருக்கிறது, அதை அவள் நாட்குறிப்பில் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறாள்.

சரி, குறை என்ன? காதல் சப்பென்று இருக்கிறது. ஹார்ட்ரைட் நல்லவன் என்று முதல் பக்கத்திலிருந்தே தெரியும், கதையின் நடுவில் மத்திய அமெரிக்காவுக்குப் போய்விடுகிறான். லாரா வெளிறிய பொம்மை. மூளை, தைரியம், பேச்சு எல்லாம் இருப்பது மேரியனிடம், ஆனால் அவள் முகம் அழகில்லை என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டு அவளைக் காதல் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார் காலின்ஸ். இது எனக்கு இன்றுவரை பொறுக்காத விஷயம். கதாசிரியர் செய்த அநியாயம் என்றுதான் சொல்வேன்.

விடை ஐந்திலும் மிக நேர்மையானது. சதி முழுக்க ஒரு தேதியைச் சுற்றி நிற்கிறது. புத்தகம் வந்தபோது ‘தி டைம்ஸ்’ விமர்சகர் அந்தத் தேதிக் கணக்கு உதைக்கிறது என்று கண்டுபிடித்தார், காலின்ஸ் அடுத்த பதிப்பில் திருத்தினார். தேதியைச் சரிபார்க்கும் அளவுக்கு வாசகர் ஈடுபட்ட நாவல் என்பதே நல்ல சிபாரிசு. துப்பறியும் கதைகளில் ஊறியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். காதில் கேட்டுப் படிப்பவர்களுக்கும் இதுவே வசதி, ஆளுக்கு ஆள் குரல் மாறுவதால் அலுப்பே வராது.

ரெபெக்கா: ஒரே ஒரு நாவல்தான் படிப்பேன் என்றால்

பெயர் சொல்லப்படாத ஒரு பெண். வருடத்துக்கு 90 பவுண்டு சம்பளத்தில் ஒரு பணக்கார அம்மாளுக்குத் துணையாக மான்டே கார்லோவில் இருக்கிறாள். மனைவியை இழந்த மாக்சிம் டி வின்டரைச் சந்திக்கிறாள், சட்டென்று கல்யாணம், இங்கிலாந்தின் கார்ன்வாலை நினைவூட்டும் கடற்கரையில் மாண்டர்லி மாளிகை. அங்கே முதல் மனைவி ரெபெக்காவின் கையெழுத்து, சீப்பு, மழைக்கோட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. வீட்டை நடத்தும் மிஸஸ் டான்வர்ஸ் இன்னும் ரெபெக்காவுக்குத்தான் வேலை செய்கிறாள்.

காலையில் எழுதும் அறையில் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கிறது. எடுக்கிறாள். மிஸஸ் டி வின்டரா என்று கேட்கிறது குரல். தவறாகக் கேட்கிறீர்கள், அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லிவிடுகிறாள். சொல்லி முடித்த பிறகுதான் உறைக்கிறது, இப்போது மிஸஸ் டி வின்டர் தான்தான் என்று. பேசியது மிஸஸ் டான்வர்ஸ். அதே அறையில் ஒரு பீங்கான் பொம்மையை உடைத்துவிட்டு, துண்டுகளை மேஜை இழுப்பறையின் கடைசியில் ஒளித்து வைக்கிறாள் இந்த எஜமானி, வேலைக்காரி செய்வது போல. பழி ஒரு வேலைக்காரன்மேல் விழும்போதுதான் வெளியே வருகிறது.

வீடு, சந்தேகம், காதல் மூன்றும் இங்கே ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. விடை பாதிக்குமேல் போன பிறகு வருகிறது, ஆனால் ஜேன் ஐரைப் போல அதோடு மர்மம் தளர்வதில்லை. கேள்வி மாறி, இன்னும் இறுகுகிறது. நடை எளிமையான ஆங்கிலம்.

தெரியாமல் செலவாகும் விஷயம் ஒன்று உண்டு, அது மனசாட்சி. முடிக்கும்போது நீங்கள் யார் பக்கம் நின்று பதறிக்கொண்டிருந்தீர்கள் என்று யோசித்தால் கொஞ்சம் கூசும். அது பிடிக்காதவர்கள், தெளிவான நல்ல முடிவு வேண்டுபவர்கள், வேறு எதையாவது எடுக்கட்டும். நாயகியின் கூச்சம் சிலருக்கு எரிச்சலூட்டும். முதல் நூறு பக்கம் அவளைப் பிடித்து உலுக்கத் தோன்றும். ஹிட்ச்காக்கின் 1940 படத்தைப் பார்த்துவிட்டோமே என்று விட்டுவிட வேண்டாம். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளால் கதையின் முக்கியமான ஓர் உண்மையையே படத்தில் மாற்றிவிட்டார்கள். நாவலில் இருப்பது வேறு. இன்னும் கனமானது.

மெல்லின்: ரயில் பயணத்துக்கு

விக்டோரியா ஹோல்ட் என்பது எலியனார் ஹிப்பர்ட்டின் புனைபெயர். ஜீன் பிளெய்டி என்ற பெயரில் அரச குடும்பக் கதைகள் எழுதியவரும் இவரே. 1960-ல் இந்த நாவல் வந்தபோது டு மாரியர்தான் வேறு பெயரில் எழுதுகிறார் என்று பலர் ஊகித்தார்கள். காரணம் புரியும்: கார்ன்வால் கடற்கரை, இறந்த முதல் மனைவி, வாய் திறக்காத எஜமானர். இதற்குப் பிறகுதான் இரவு உடையில் ஒரு பெண் ஓட, பின்னால் ஒரே ஒரு ஜன்னலில் விளக்கெரியும் மாளிகை என்று அட்டை போட்டுக் கோதிக் காதல் நாவல்கள் குவிந்தன. நம் ஊர் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் கண்ணில் படுபவை அவைதான்.

மார்த்தா லீ வீட்டு ஆசிரியையாக மவுன்ட் மெல்லினுக்கு வருகிறாள். அடக்கமானவள் இல்லை, எஜமானருக்கு முகத்துக்கு நேரே பதில் சொல்வாள். மாடியிலிருந்து கூடத்தை யாருக்கும் தெரியாமல் பார்க்கச் சுவரில் மறைதுளைகள் உண்டு, அவை அலங்காரத்துக்கு இல்லை. ஆங்கிலம் ஐந்திலும் சுலபம், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ஆனால் ஜேன் ஐர், ரெபெக்கா இரண்டையும் படித்தவர்களுக்குத் தையல் தெரியும். விடையை முன்கூட்டியே பிடித்துவிடவும் வாய்ப்பு உண்டு.

பிடித்துப்போனால் ஹோல்ட்டிடம் சரக்கு நிறைய. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை வைத்தே ‘தி ஸ்பிரிங் ஆஃப் தி டைகர்’ என்று ஒன்று எழுதியிருக்கிறார்.

விலைச்சீட்டில் இல்லாதவை

முதல் மூன்று நாவல்களுக்கும் பதிப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் மின்நூலும் லிப்ரிவாக்ஸில் ஒலிநூலும் இலவசம். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். டு மாரியர் 1989-லும் ஹிப்பர்ட் 1993-லும் இறந்தார்கள். அதனால் ரெபெக்கா, மெல்லின் என்று சுற்றிவரும் இலவச பிடிஎஃப்கள் திருட்டுப் பிரதிகள்தான். பழைய புத்தகக் கடையில் இரண்டும் மலிவாகவே கிடைக்கும்.

காசு கொடுத்து வாங்கும் செம்பதிப்புகளில் வேறோர் ஆபத்து உண்டு. பேராசிரியர்கள் எழுதும் முன்னுரைகளில் ரகசியம் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலேயே போட்டு உடைக்கப்பட்டிருக்கும். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பள்ளி மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்புகளையும் தவிர்ப்பது நல்லது. இந்த வகையில் தாமதம்தான் சரக்கு. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது கதைச் சுருக்கம்.

அப்படியானால் யாருக்கு எது

ஒன்றே ஒன்று என்றால் ரெபெக்கா. தயக்கமே இல்லை. துப்பறியும் கதை ரசிகர் என்றால் வுமன் இன் ஒயிட். காதல் கதை ரசிகர், பொறுமையும் உண்டு என்றால் ஜேன் ஐர். ஆங்கில நாவல் முழுசாகப் படித்தே பழக்கமில்லை என்றால் மெல்லினில் ஆரம்பிப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பரிசாக என்றால் ரெபெக்காவை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட்டுவிட்டு ஜேன் ஐரைக் கொடுங்கள். சமகால எழுத்து வேண்டுமென்றால் சில்வியா மொரேனோ-கார்சியாவின் ‘மெக்சிகன் கோதிக்’ (2020) இருக்கிறது. 1950-களின் மெக்சிகோ, வெள்ளிச்சுரங்கத்தில் பணம் பார்த்த ஆங்கிலக் குடும்பத்தின் மாளிகை. அதில் காதல் கொஞ்சம், அருவருப்பூட்டும் திகில் நிறைய, சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

ஐந்தையும் படிப்பதாகவே இருந்தால் வரிசை முக்கியம். ரெபெக்கா, வுமன் இன் ஒயிட், ஜேன் ஐர், பிறகு நார்தாங்கர் அபியைத் தொட்டுக்கொண்டு உடால்ஃபோ. மெல்லினை எங்கே வேண்டுமானாலும் செருகலாம், ஜேன் ஐர் முடித்த கையோடு மட்டும் வேண்டாம். ஓர் ஆறு மாதம் போகட்டும்.